தோளின் மேல் ஒரு கை

செத்தவனுக்கு எதற்கு ஜன்னலோர இருக்கை என்று ஹெமி கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான். வேன் இன்னும் ஹொக்கியாங்காவின் மண்சாலையைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"உனக்கு என்னடா வந்துச்சு? நீ ஓட்டுற. ரோட்டைப் பாரு. அவரு கடலைப் பாக்கட்டும்."

"சும்மாதான்க்கா கேட்டேன். மச்சான் மூஞ்சியில வெயில் அடிக்குமேன்னு."

"அடிக்கட்டும். தொப்பி போட்டுக்கிட்டுத்தானே இருக்காரு."

அது உண்மைதான். சட்டம் போட்ட படத்துக்குள் ஹோவானி தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தின் குறுக்கே இருக்கை வார் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியவள் அவன் மனைவி, ஹெமியின் அக்கா பிரிஹிரா. கட்டிய பிறகு சட்டையைச் சரிசெய்வது போலக் கண்ணாடியை ஒரு தடவை கழுத்தில் சுற்றியிருந்த கறுப்புத் துணியால் துடைத்தும் விட்டாள்.

ஒரு வருஷம் முடிந்து கல்லறைக் கல்லின் திரையும் விலக்கியாகிவிட்டது. சாவுக்கு வர முடியாதவர்களின் ஊர்களுக்கு இனி செத்தவனே போக வேண்டும். படமாகத்தான் போவான், ஆனால் ஆளாகத்தான் வரவேற்பார்கள். கூப்பிடுவார்கள், அழுவார்கள், அவனோடு பேசுவார்கள், கூட வந்தவர்களுக்குச் சோறு போட்டு அடுத்த ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். மவோரிக் குடும்பம் எதுவும் இதிலிருந்து தப்பிக்க நினைக்காது. ஹோவானி விஷயத்தில் ஊர்கள் கொஞ்சம் அதிகம். அவன் இரும்பு கட்டுகிறவன். நாட்டில் எங்கே எதை உயரமாக எழுப்பினாலும் அதன் உச்சியில் ஒரு காலத்தில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச், டனீடன் என்று ஊருக்கு ஊர் கூட்டாளிகள். எல்லாம் முடிந்து, நாடும் முடிகிற தென்கோடியில், அவன் பிறந்த ப்ளஃப்.

பிரிஹிரா இதில் ஆக்லாந்தை மட்டும் பார்த்திருக்கிறாள், அதுவும் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக. மற்ற ஊர்களெல்லாம் அவளுக்கு ஹோவானி வாயால் வந்தவை. வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து அளப்பான். பாலைவனத்துக்கு நடுவில் பனி மூடிய மலை நிற்கிறது என்பான். கப்பல் நேராக மலையில் போய் மோதும், மோதுகிற நேரத்தில் மலை விலகி வழிவிடும் என்பான். ஒரு தெரு இருக்கிறது, அதில் பால் புட்டியை உருட்டிவிட்டால் கடலில்தான் போய் எடுக்க வேண்டும் என்பான். "புளுகாதய்யா" என்று சொல்லிவிட்டு அவள் உருளைக்கிழங்கைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். காட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஆனால் பிரிஹிரா பயந்தது அந்த ஊர்களுக்கு அல்ல, ப்ளஃபுக்கு.

ஹோவானி இறந்தபோது தெற்கத்திக்காரர்கள் விமானம் ஏறி வந்து இறங்கினார்கள். உடலைக் கொடு, எங்கள் பிள்ளையை எங்கள் மண்ணுக்குக் கொண்டு போகிறோம் என்று ஊர்ப் பொதுக் கூடத்து முற்றத்தில் நின்று பகல் முழுக்க வாதாடினார்கள். கேட்பது வழக்கம்தான். கேட்க யாரும் வராமல் போனால்தான் செத்தவனுக்கு அவமானம். ஆனால் அவர்கள் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்கள். பிரிஹிராவும் நிஜமாகவே மறுத்தாள். வடக்கே, தன் ஆட்களுக்கு நடுவே, பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் விட்டு அவனைப் புதைத்தாள். மண் போடும்போது ஹோவானியின் தங்கை ரிபேகா, "ஒரு சொந்தக்காரன் பக்கத்துல இல்லாம எங்கண்ணனைத் தனியாப் போட்டுட்டாங்களே" என்று கத்திய கத்தல் இன்னும் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது.

உடல் கிடைக்காதவர்கள் படத்தைக் கேட்பார்கள். ப்ளஃப் ஊர்க் கூடத்தின் சுவரில், அவன் அப்பா அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பார்கள். அதை மறுக்க எந்த நியாயமும் இல்லை. படத்தையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து யார் முகத்தில் விழிப்பது? யாரிடம் காலையில் சண்டை போடுவது?

அதனால் பிரிஹிரா ஒரு வேலை செய்தாள். கடற்கரையில் இருவரும் சேர்ந்து எடுத்த படத்தைக் கொண்டுபோய்ச் சட்டம் போடுகிறவனிடம் கொடுத்தாள். அவளை வெட்டிவிட்டு அவனைப் பெரிதாக்கச் சொன்னாள். "தோள்ல உங்க கை இருக்கே, அதையும் எடுத்துடட்டுமா?" என்று அவன் கேட்டான். "அது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். கூடத்துச் சுவர் செத்தவர்களுக்கானது. உயிரோடு இருக்கிறவர்களின் நிழல்கூட அங்கே தொங்கக் கூடாது. தொங்கினால் அந்த ஆளைக் கூப்பிடுவதாக ஆகிவிடும். எந்தக் கிழவனும் துணிய மாட்டான். ஆகவே அவர்கள் கேட்கட்டும், பார்க்கட்டும், கையை விரிக்கட்டும். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து பிரிஹிரா வழியெல்லாம் உள்ளூரச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஆக்லாந்தில் ரிபேகா ஏறிக்கொண்டாள். அவள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் பார்க்கிறாள். ஏறினதும் படத்தின் கண்ணாடியில் மூக்கும் நெற்றியும் பதித்து வெகுநேரம் நின்றாள். பிறகு அண்ணியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

"பக்கத்து சீட்டு யாருக்கு?" என்றாள்.

"எனக்கு."

"வீட்டுல ஒரு வருஷமா உங்க பக்கத்துலதானே அண்ணி இருக்காரு? இனிமே கொஞ்ச நாளைக்கு நான் உக்காருறேன்."

"டாப்போ ஏரி வரைக்கும் நான். அப்புறம் நீ" என்றாள் பிரிஹிரா. ஹெமி முன்னால் தொண்டையைக் கனைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தான். குடும்பத்தில் சண்டை வாசனை வந்தால் அவனுக்குப் பாட்டு வந்துவிடும்.

ஹோவானியோடு வேலை பார்த்த இரும்புக்காரர்கள் ஆக்லாந்தின் நடுவிலேயே ஒரு கூடத்தில் காத்திருந்தார்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் அவர்கள் கட்டிய ஊசிக் கோபுரம் தெரிந்தது. மேகம் அதன் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. இதன் நுனியில் உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றேன் என்று ஹோவானி சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அப்போதும் அவள் நம்பவில்லைதான். வாசலில் பெண் குரல் எழுந்து செத்தவனை உள்ளே அழைத்தது. ரிபேகா பதில் குரல் கொடுக்க, பிரிஹிரா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். எதிரே நின்ற முரட்டு ஆண்கள் அத்தனை பேரும் தேம்பினார்கள். கதவளவு உடம்பு கொண்ட ஒரு சமோவாக்காரன் படத்தின் முன்னால் மண்டியிட்டு மூக்கு ஒழுக ஒழுக அழுதான். துடைத்துக்கொள்ளவில்லை. சாவில் ஒழுகுவதைத் துடைப்பது மரியாதை இல்லை.

பிறகு அவன் எழுந்து வந்து கேட்டான்: "புளுகாதய்யான்னு சொல்ற பிரிஹிரா நீங்கதானா?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாங்க என்ன பேசினாலும் அண்ணன் அதைத்தான் சொல்வாரு. 'புளுகாதய்யா, பிரிஹிராகிட்டச் சொல்லிடுவேன்'னு. அந்தக் கோபுரத்து உச்சியில நின்னுக்கிட்டு நாங்க எல்லாருமே உங்க பேச்சைப் பேசினோம்."

பிரிஹிரா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். தன் அடுப்படி வார்த்தை ஒன்று மேகத்துக்கு மேலே போய்க் குடியிருந்திருக்கிறது. அவளுக்கு அது தெரியாமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. வெளியே வந்து அந்தக் கோபுரத்தைக் கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாப்போவில் ரிபேகா பக்கத்து இருக்கைக்கு மாறினாள். அதற்கப்புறம் மரங்கள் குறைந்து, புல்லும் கறுத்துப்போய், இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத வெளி வந்தது. மேகம் விலகியபோது அந்த வெளியின் ஓரத்தில் வெள்ளை வெளேரென்று மலை நின்றது. ஹெமி பாட்டை நிறுத்திவிட்டான். பின் வரிசையிலிருந்து பிரிஹிரா எட்டிப் பார்த்தாள். மலை, அதற்கு முன்னால் ஜன்னல் கண்ணாடி, அதற்கு முன்னால் தொப்பியைத் தள்ளிவிட்டுச் சிரிக்கிற அவன். சொன்னேனே என்பது போலச் சிரித்தான். பாழாய்ப் போனவன், எல்லா இடத்திலும் அதே சிரிப்புத்தான்.

வெலிங்டனில் காற்று ஆளைத் தூக்கியது. வீடுகள் மலைச்சரிவில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நின்று துறைமுகத்தை வேடிக்கை பார்த்தன. கூடத்து வாசலில் பிரிஹிராவின் தலைத்துணி பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொள்ள, அழுதுகொண்டிருந்த கிழவிகள் அழுகையின் நடுவே சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள். அன்று ரிபேகா படத்துக்கு எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை முகத்தில் இல்லை, இடது தோளில் இருந்தது. பிரிஹிராவுக்குச் சுருக்கென்றது. ரிபேகா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

மறுநாள் தெற்குத் தீவுக்குக் கப்பல். வேனோடு கப்பலின் வயிற்றுக்குள் போக வேண்டும். வேனைக் கீழே நிறுத்திப் பூட்டிவிட்டு ஆட்கள் மட்டும் மேல்தளத்துக்கு ஏறிவிட வேண்டும்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. சாப்பாடு மணக்கிற இடத்துக்குச் செத்தவனைக் கொண்டு போகக் கூடாது. ஹெமிக்குப் பசி. அதனால் படம் பெண்களிடம் இருக்கட்டும் என்று நேராகச் சாப்பாட்டுக் கடைக்கு ஏறிப் போனான். கக்கூசுக்குள்ளும் செத்தவனைக் கொண்டு போகக் கூடாது. ரிபேகாவுக்கு அவசரம். அதனால் அண்ணி எடுத்துக்கொள்வாள் என்று ஓடினாள். பிரிஹிரா வேனின் கதவில் கை வைத்தாள். அந்த நேரத்தில் படிக்கட்டின் மேல் முனையில் சதுரமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்குள் துறைமுகம் முழுக்கப் பச்சையும் நீலமுமாகச் சுழன்றுகொண்டிருந்தது. கப்பல் திரும்புகிறது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், பிரிஹிரா கதவை விட்டுவிட்டுப் படியேறிவிட்டாள். ஒரு வருஷமாகக் கண்ணை விட்டு அகலாமல் வைத்திருந்தவனை ஒரு துறைமுகத்தின் அழகுக்காக மறந்துவிட்டாள்.

மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து நின்றவளின் தோளை ரிபேகா தொட்டாள்.

"அண்ணி, அண்ணன் எங்க?"

"உன்கிட்டத்தானே இருக்காரு?"

"நான் கக்கூசுக்குப் போனேன். அங்க எப்படி எடுத்துட்டுப் போவேன்? ஹெமிகிட்டக் கொடுத்தீங்களா?"

ஹெமி ஒரு கையில் இறைச்சி அப்பமும் வாயில் மீதி அப்பமுமாக வந்தான். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்து மெல்லுவதை நிறுத்தினான்.

மூன்று பேரும் கீழே ஓடினார்கள். வண்டித் தளத்தின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. முன்னால் கப்பல் ஊழியன் ஒருவன், முன்கை நிறையப் பச்சை குத்தியவன், நின்றுகொண்டிருந்தான். சட்டையில் திப்பேனே என்று பெயர் இருந்தது.

"கரைக்குப் போற வரைக்கும் திறக்க முடியாது, ஆன்ட்டி. லாரியெல்லாம் ஆடும். நசுங்கிடுவீங்க."

"எங்க ஆளு உள்ள இருக்காருப்பா" என்றாள் பிரிஹிரா.

திப்பேனேயின் முகம் மாறியது. "ஆளா? வண்டிக்குள்ளயா? ஐயோ, எந்த வண்டி?" என்று இடுப்பிலிருந்த பேசும் கருவியை எடுத்துவிட்டான்.

"பதறாத. அவரு செத்து ஒரு வருஷம் ஆச்சு."

கருவி மெதுவாகக் கீழே இறங்கியது. திப்பேனே தொப்பியைக் கழற்றினான். வேறு யாராவது கேட்டிருந்தால் இந்தப் பொம்பளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவனும் மவோரிதான், விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"தனியாவா இருக்காரு?" என்றான்.

"தனியாத்தான்" என்றாள் பிரிஹிரா.

"உங்களைக் கீழே விட்டா என் வேலை போயிடும் ஆன்ட்டி. உங்க வண்டியைத் திறக்கவும் எனக்கு உரிமை கிடையாது. ஆனா நான் சுத்திப் பாக்கப் போற நேரம்தான் இது. போயிட்டு வரேன்" என்று கதவுக்குப் பின்னால் மறைந்தான்.

அவன் போன பிறகு யாரும் நகரவில்லை. கப்பல் ஒரு முறை ஆழமாகக் குனிந்து நிமிர்ந்தது. ரிபேகா படியில் உட்கார்ந்தாள். பிறகு, ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து வீசினாள்.

"எங்கண்ணனைத் தனியா விடுறது உங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லையே அண்ணி."

பிரிஹிராவுக்குப் பதில் தெரியும். எதிர்வாதம் செய்து ஜெயித்தவள்தானே. ஆனால் இன்று கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டில், லாரிகளுக்கு நடுவே, இருக்கை வாரோடு அவன் உட்கார்ந்திருக்கிறான். அவனை அங்கே விட்டது அவளேதான். அவள் கதவில் காதை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். இயந்திரத்தின் உறுமல் மட்டும்தான் கேட்டது. எடுத்த காதை மறுபடியும் வைத்தாள்.

திப்பேனே திரும்பி வந்தான். "நல்லா நிமிர்ந்து உக்காந்திருக்காரு. பெல்ட் இறுக்கமா இருக்கு. சிரிச்ச முகம்" என்றான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "நான் யாரு, எந்த ஆறு எந்த மலை, யாரு மகன்னு நம்ம முறைப்படி அவர்கிட்டச் சொன்னேன். தெரியாத ஆளு வந்து கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா ஒரு மாதிரியா இருக்கும் இல்லையா" என்றான்.

ரிபேகா முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்க மேல போங்க ஆன்ட்டி. இனிமேதான் நல்ல இடமெல்லாம் வரும். நானே இங்க நிக்கிறேன்."

"வேணாம்பா. உனக்கு வேலை இருக்கும். நாங்க இருக்கோம்" என்றாள் பிரிஹிரா.

இருந்தார்கள். ஹெமி அப்பத்தை எங்கோ போட்டுவிட்டு வந்து கதவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பழைய பாட்டு ஒன்றைப் பாடினான். போகிறவர்கள் வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கப்பலின் ஆட்டம் அடங்கியது. ரிபேகா தலை நிமிர்ந்தாள்.

"கடல் அடங்கிடுச்சு. கப்பல் மலைக்குள்ள போகப் போகுது. அண்ணன் இந்த இடத்தைப் பத்தி உங்ககிட்டச் சொல்லியிருக்காரா?"

"சொன்னாரு. நான் நம்பல."

"போய்ப் பாருங்க."

"எப்படிடி போவேன்?"

"நான் இங்க உக்காந்திருக்கேன். நீங்க பாத்துட்டு வந்து அவர்கிட்டச் சொல்லுங்க. அப்புறம் நான் போறேன். அவருக்கும் பாத்த மாதிரி ஆச்சு."

பிரிஹிரா மேலே போனாள். எதிரே பச்சை மலை ஒன்று கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றது. கப்பல் அதை நோக்கி நேராகப் போய்க்கொண்டிருந்தது. மரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்போது மலை விலகியது. விலகிய இடத்தில் அமைதியான பச்சைத் தண்ணீர், அதற்குள் இன்னொரு மலை, அதற்கப்பால் இன்னொன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிட மங்கலான நீலத்தில். கரையோரத்தில் ஒற்றை வீடு ஒன்றின் புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போனது. இப்படி ஓர் இடம் இருப்பது தெரியாமலே தான் செத்துப் போயிருக்கக்கூடும் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அழுகையும் வந்தது. அவன் எத்தனை தடவை இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் அவள் இல்லாமல், இதைப் பார்த்திருப்பான்.

படியிறங்கி வந்து கதவின் முன் உட்கார்ந்தாள்.

"யோவ்" என்றாள் கதவிடம். "நீ புளுகலய்யா. மலை வழிவிட்டுச்சு. நான் என் கண்ணால பாத்தேன். உன்னை எத்தனை தடவை வாயை மூடுன்னு சொன்னேன். நீ இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம், நான் கேட்டிருக்கணும்."

ரிபேகா ஒரு சத்தமும் போடாமல் அழுதாள். பிறகு எழுந்து மேலே போனாள். திரும்பி வந்து அண்ணிக்குப் பக்கத்தில், இடம் விடாமல், நெருக்கி உட்கார்ந்துகொண்டு தன் பங்குக்குக் கதவிடம் சொன்னாள்: டால்பின் வந்தது, கூட்டமாக வந்தது, அதில் ஒரு குட்டி உன்னை மாதிரியே சொன்ன பேச்சுக் கேட்காமல் தனியாகக் குதித்தது. இப்படியே மாறி மாறிப் போய்ப் பார்த்துவந்து சொன்னார்கள். ஒரு நாட்டின் பேரழகை இரண்டு பெண்கள் ஓர் இரும்புக் கதவுக்குக் காட்டி முடித்தபோது கப்பல் கரை தட்டியது.

அதற்கப்புறம் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. படம் ஜன்னலோரத்தில்தான் இருந்தது, எல்லாவற்றையும் அதுவே பார்த்தது, என்றாலும் இருவரும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒரு பக்கம் அலை அடிக்க இன்னொரு பக்கம் பனிமலை நடந்துவந்ததைச் சொன்னார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் பூமி உலுக்கிப் போட்டதில் வீதி வீதியாகக் காலியாகிப்போன இடங்களைச் சொன்னார்கள். அங்கே புதிதாக எழும்பிய கட்டடங்களின் எலும்பைக் கட்டினவன் அவன்தான். ஒரு நகரம் விழவும் முடியும், எழவும் முடியும் என்பதை பிரிஹிரா அங்கே பார்த்தாள். கூட்டாளி ஒருவன் அவளை ஓர் இரும்புத் தூணருகே அழைத்துப் போய், "இது அண்ணன் முடுக்கினது, தொட்டுப் பாருங்க" என்றான். தொட்டாள். குளிர்ந்திருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

டனீடனில் அந்தத் தெருவையும் பார்த்தார்கள். வேன் ஏறாது என்று ஹெமி கும்பிடு போட்டுவிட்டான். படத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இருவரும் மூச்சு வாங்க ஏறினார்கள். உச்சியில் பிரிஹிரா, "பால் புட்டி கொண்டு வந்திருக்கணும்டி" என்றாள். ரிபேகா சிரித்த சிரிப்பில் தெருவாசிகள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

ஆனால் தெற்கே போகப் போக பிரிஹிராவின் சிரிப்பு சுருங்கியது. வழியெல்லாம் பெருமைப்பட்ட அந்தத் தந்திரம் இப்போது செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது.

ப்ளஃபில் சாலை முடிந்துவிடுகிறது. அதற்குமேல் கடல்தான். கடலுக்கு நடுவில் நீலத் தீவு. காற்றில் சிப்பியும் உப்புப் போட்ட பறவைக் கறியும் மணந்தன. கூடத்தின் வாசலில் ஆட்கள் கறுப்பு உடையில் நிறைந்து நின்றார்கள். ரிபேகா இந்த ஊர்க்காரி. முறைப்படி அந்தப் பக்கம் போய் நின்று வரவேற்க வேண்டியவள்.

"போ" என்றாள் பிரிஹிரா.

"நீங்க தனியாவா தூக்கிட்டு வருவீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் படத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அழைப்புக் குரல் எழுந்தது. அது அழைப்பாக ஆரம்பித்து ஓலமாக முடிந்தது. உடலுக்காக ஒரு வருஷம் காத்திருந்த அழுகை அது. அந்த மக்கள் யாரும் அவளை முறைக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து அவள் மூக்கோடு மூக்கு வைத்து, அவள் கன்னத்தில் தங்கள் கண்ணீரை விட்டுவிட்டுப் போனார்கள்.

பேச்சும் பாட்டும் முடிந்த பிறகு ஹோவானியின் சித்தப்பா ஹேனரே அவளை உள்ளே அழைத்துப் போனார். பல்லில்லாத, கைகள் மரக்கட்டை போலிருந்த பறவை வேட்டைக்காரர். பின்சுவர் முழுக்கச் செத்தவர்களின் படங்கள். ஹோவானியின் அப்பா, அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் படமில்லாமல் ஓர் ஆணி.

"உங்க ஊருக்கு வர விமானம் ஏறின அன்னைக்குக் காலையில அடிச்சேன்" என்றார் கிழவர். "கூட்டிட்டு வந்துருவோம்னு ஒரு நம்பிக்கை. வரல. ஆனா அடிச்ச ஆணியைப் புடுங்க எவனுக்கும் மனசு வரல."

கிழவர் படத்தை வாங்கிக் கண்ணாடியைத் தடவினார். கட்டைவிரல் இடது தோளில் நின்றது.

"இது யாரு கை?"

"என் கைதான் மாமா."

"உசிரோட இருக்கிற கையை இங்க மாட்ட முடியாதேம்மா" என்றார் கிழவர். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு வருஷம் காத்திருந்த ஆணியைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். பிரிஹிரா நினைத்தபடியே எல்லாம் நடந்தது. ஜெயித்துவிட்டாள். அந்த வெற்றி அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

"தெரிஞ்சுதான் விட்டு வெச்சேன்" என்றாள். "கையை எடுக்கட்டுமான்னு சட்டம் போடுறவன் கேட்டான். நான்தான் வேணாம்னேன். நீங்க கேட்டா கொடுக்காம இருக்கணும்னு. திருட்டுப் புத்தி மாமா. கத்தி கொடுங்க. இந்தக் கையை வெட்டிட்டுத் தரேன். அவரு அம்மா பக்கத்துல இருக்கட்டும்."

"ஒண்ணும் வெட்ட வேணாம்" என்று பின்னாலிருந்து ரிபேகா சொன்னாள். "நான் ஆக்லாந்துல வேன்ல ஏறினப்பவே பாத்துட்டேன் சித்தப்பா. வெலிங்டன்ல வெச்சு இவங்களை ஒரு வழி பண்ணிடணும்னு இருந்தேன்."

"ஏன்டி பண்ணல?" என்றாள் பிரிஹிரா.

"கப்பல்ல நீங்க அந்தக் கதவுல காதை வெச்சுக்கிட்டு உக்காந்தீங்க இல்ல அண்ணி? அப்பவே விட்டுட்டேன். அண்ணன் வடக்க தனியா இல்ல." அவள் கிழவரிடம் திரும்பினாள். "அண்ணி எடுத்துட்டுப் போகட்டும், சித்தப்பா. ஆணி இருக்கட்டும்."

ஹேனரே கிழவர் படத்தை பிரிஹிராவின் கையில் கொடுத்தார். வெளியே போனார். பின்கொட்டகையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சுத்தியல் இருந்தது. சுவரருகே போய், ஒரு வருஷமாக நின்ற அந்த ஆணியை நெம்பிப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹோவானிக்கு இருந்த இடமும் போயிற்று என்று பிரிஹிரா நினைத்தாள்.

கிழவர் இன்னொரு பையிலிருந்து விரல் தடிமனில் ஓர் இரும்பாணியை எடுத்தார். படகு கட்ட வைத்திருந்தது. அதே துளையில் வைத்து ஓங்கி அடித்தார். சுவரிலிருந்த செத்தவர்கள் எல்லாரும் அதிர்ந்தார்கள். அடித்து முடித்து அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

"அது ஒல்லி ஆணி" என்றார் மூச்சு வாங்க. "ஒருத்தனுக்குன்னு அடிச்சது. ரெண்டு பேரு சேந்து தொங்கணும்னா தாங்காது."

பிரிஹிரா அந்த ஆணியைப் பார்த்தாள். கிழவர் அவள் கையிலிருந்த படத்தில், தோளின் மேலிருந்த கையை மெல்லத் தட்டினார்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "மெதுவா வா."